முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, ஆனால் கை வரவில்லை

மலையகத்தில் ஒருவருக்குத் திடீரென்று கை, கால் வரவில்லை என்றால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முதலில் எழும் பேச்சு 'வாதம் அடிச்சிருச்சு' என்பதுதான். ஆஸ்பத்திரியில் அதையே பாரிசவாதம் என்பார்கள். பல நேரம் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். பிரஷரும் சீனி வருத்தமும் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு ஒரு பக்கம் விழுந்துபோனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் கை கால் பலம் போவதற்கு மூளை மட்டும் காரணமில்லை. கழுத்துக்குள் ஓடுகிற முண்ணாண் அடிபட்டாலும் போகும். சிக்கல் என்னவென்றால், அப்படி அடிபட்டவர் எப்போதும் அசையாமல் கிடப்பதில்லை. சிலர் எழுந்து நடப்பார்கள். சிலருக்குக் கழுத்து வலியே பெரிதாக இருக்காது. அதனால் சுளுக்கு என்றும், வயசு என்றும், போதை என்றும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி நாளைக் கடத்திவிடுகிறார்கள். கழுத்திலிருந்து வரும் பலவீனத்துக்கென்று சில அடையாளங்கள் இருக்கின்றன. மருத்துவம் படிக்காதவர்களும் அவற்றைக் கவனிக்கலாம்.

முதலில் முண்ணாண் எது என்பதைப் பார்த்துவிடுவோம். முள்ளந்தண்டு என்பது எலும்பு. அதன் நடுவிலிருக்கும் துவாரத்துக்குள் மூளையிலிருந்து இறங்கி வருவது முண்ணாண். சுண்டுவிரல் தடிப்புத்தான் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். கையை மடக்கு, காலைத் தூக்கு என்ற கட்டளைகள் இதன் வழியாகக் கீழே போகின்றன. சுடுகிறது, குத்துகிறது என்ற செய்திகள் இதன் வழியாக மேலே வருகின்றன. சிறுநீரை அடக்குவதும் விடுவதும்கூட இதன் கையில்தான். மலையுச்சியில் பீலி அடைபட்டால் அதற்குக் கீழே இருக்கிற அத்தனை லயங்களுக்கும் தண்ணீர் நின்றுவிடும் இல்லையா? கழுத்தில் முண்ணாண் நசுங்கினால் அதற்குக் கீழே கை, நெஞ்சு, கால், மூத்திரப்பை எல்லாமே பாதிக்கப்படுவது அப்படித்தான். முகத்துக்கும் நாக்குக்கும் போகும் நரம்புகள் கழுத்துக்கு மேலே மூளையிலிருந்தே கிளம்பிவிடுவதால் அவை தப்பித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

கழுத்தில் எலும்புகள் 7, அங்கிருந்து வெளியே வரும் நரம்புகள் 8 சோடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. 3, 4, 5ஆம் நரம்புகள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் பிரிமென்றகட்டை அசைத்து மூச்சை நடத்துகின்றன. தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் 5ஆவது வேண்டும். மணிக்கட்டை மேலே நிமிர்த்த 6, முழங்கையை நீட்ட 7, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிக்க 8. மருத்துவர் 'கையை மடக்குங்க, நீட்டுங்க, என் விரலைப் பிடிங்க' என்று வரிசையாகக் கேட்பது எந்த இடத்தில் அடி என்று எண்ணிப் பார்க்கத்தான். கழுத்தின் நடுப்பகுதியில் பலமாக அடிபட்டவருக்கு மடக்கும் தசை வேலை செய்யும், நீட்டும் தசை செய்யாது. அதனால் இரண்டு முழங்கையும் மடங்கி, கைகள் நெஞ்சின் மேல் கிடக்கும். விழுந்த ஒருவர் அப்படிக் கிடந்தால், பேசிக்கொண்டிருந்தாலும் சரி, கழுத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எப்படி அடிபடுகிறது?

நம் பக்கத்தில் இதற்கு வழி நிறையவே இருக்கிறது. குளவி கலைந்ததும் கூடையைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓடி விழுவது, விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படியில் சறுக்குவது, நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறித் தவறுவது, வளைவில் ஓட்டோ புரள்வது, மண்சரிவில் சுவர் மேலே சாய்வது. தலையில் பாரத்தோடு விழும்போது அந்தப் பாரமும் சேர்ந்து கழுத்தில் இறங்குகிறது. இளவட்டங்களுக்கு இன்னொன்று உண்டு. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் தலைகீழாகக் குதிப்பது. தலை பாறையில் முட்டியதும் கழுத்து முறிகிறது. கை கால் வராததால் நீந்தவும் முடிவதில்லை. மூழ்கினான் என்று எல்லோரும் சொல்லும் சில மரணங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கழுத்து முறிவு இருக்கும்.

ஆனால் நான் அதிகம் சொல்ல நினைப்பது இந்தப் பெரிய விபத்துகளைப் பற்றியல்ல. மரத்திலிருந்து விழுந்தவரை யாரும் சும்மா விடமாட்டார்கள். எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தவறிப்போவது சின்ன விழுகைதான்.

70 வயதுக்குக் கிட்ட ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம், லயத்துப் படியில் பாசி. விடியக்காலையில் வெளியே போய்த் திரும்பும்போது வழுக்கி முகம் குப்புற விழுகிறார். நெற்றி படிக்கல்லில் மோத, தலை பின்பக்கமாக வளைகிறது. மகன் ஓடிவந்து தூக்கி உட்கார வைக்கிறார். நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். 'ஒன்னுமில்லடா, காலு வழுக்கிருச்சு' என்று எழுந்து காம்பராவுக்குள் நடந்தும் வருகிறார். மருமகள் தேத்தண்ணியை நீட்டுகிறார். கோப்பை கையில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கிறார், அப்போதும் சரிகிறது. 'கை ரெண்டும் எரியுது தாயி' என்கிறார். குளிர் என்று நினைத்துக் கம்பளியைப் போர்த்திவிடுகிறார்கள்.

இதுதான் மத்திய முண்ணாண் பாதிப்பு. 1954இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் ஷ்னைடர் இதை விவரித்தார். வயதாக ஆகக் கழுத்தெலும்புகளின் ஓரத்தில் முள் முள்ளாக எலும்பு வளரும், தசைநார்கள் தடிக்கும், முண்ணாண் இருக்கும் இடம் ஒடுங்கும். அந்தக் கழுத்து திடீரென்று பின்னால் வளைந்தால் முன்னும் பின்னும் இருந்து முண்ணாண் நசுங்கிவிடுகிறது. எலும்பு ஒன்றும் உடைய வேண்டியதில்லை. கால்களைவிடக் கைகள் அதிகம் பலம் இழப்பதுதான் இதன் முத்திரை. கைக்கான நார்கள் முண்ணாணின் நடுவில் இருப்பதால் என்று பழைய விளக்கம் சொல்கிறது. விரல்களின் நுண்ணிய வேலைக்கு, மூளையின் கட்டளை இறங்கி வரும் பெரிய நரம்புப் பாதை காலைவிடக் கைக்கே அதிகம் தேவைப்படுவதால் என்கிறது புதிய விளக்கம். எதுவானாலும் வீட்டில் தெரிவது ஒன்றுதான்: ஆள் நடக்கிறார், கை வேலை செய்யவில்லை. 'நடக்கிறாரே, அப்புறம் என்ன' என்ற பேச்சுத்தான் இந்த நோயாளிகளுக்கு முதல் எதிரி.

அன்று இரவு அந்தப் பெரியவர் ஒண்ணுக்குப் போக எழுந்து எழுந்து உட்காருகிறார், வரவில்லை. அடிவயிறு உப்பிக் கல்லாகிறது. விழுந்த பிறகு கை பலவீனத்தோடு மூத்திரமும் தடைப்பட்டால் இனி யோசிக்க எதுவுமில்லை. விடியட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது.

வாதமா, கழுத்தா?

பாரிசவாதத்தில் பொதுவாக ஒரு பக்கக் கையும் காலும் விழும், அதோடு வாய் கோணும் அல்லது பேச்சு குழறும். கழுத்தில் அடி என்றால் முகமும் பேச்சும் சரியாக இருக்கும். பலவீனம் இரண்டு பக்கமும் இருக்கும். அதோடு உடம்பில் ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் உணர்ச்சி மாறியிருக்கும். தோளில் தொட்டால் தெரியும், நெஞ்சில் தொட்டால் தெரியாது. விரல் நுனிகளில் குத்தல், எரிச்சல், மரத்துப்போனது என்ற முறைப்பாடு அடிக்கடி வரும்.

விதிவிலக்கும் உண்டு, அதில்தான் மருத்துவர்களே சில நேரம் ஏமாறுகிறார்கள். முண்ணாணின் ஒரு பாதி மட்டும் அடிபட்டால் பலவீனமும் ஒரே பக்கத்தில்தான் வரும். ஆனால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் சூடு, குளிர், ஊசிக்குத்து தெரியாது. வலது கை கால் வரவில்லை, இடது காலில் சுடுதண்ணீர் பட்டால் சுடவில்லை என்று ஒருவர் சொன்னால் அது குழப்பமான பேச்சு இல்லை, மிகத் துல்லியமான தகவல். 1850ஆம் ஆண்டளவில் இதை விளக்கிய பிரௌன்-செக்கார் பிறந்தது மொரீசியஸில், நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அதே தீவு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், பாரிசவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பார்கள். கழுத்துக்குள் இரத்தம் கசிந்து முண்ணாணை அழுத்துகிற ஒருவருக்கு அதைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

முகம் கோணாத வாதமும் இருக்கிறது. ஆகவே இதையெல்லாம் பார்த்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எதுவானாலும் அவசரம்தான். நீங்கள் கவனித்ததை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

வேறு சில காரணங்களும் ஓரளவு இதே தோற்றத்தைக் காட்டும். பாதத்திலிருந்து தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறும் பலவீனம் நரம்பு அழற்சியாக இருக்கலாம். மரக்கறித் தோட்டங்களில் பூச்சிமருந்து உடம்பில் சேர்ந்தவருக்கு, முதல் நாள் வாந்தியும் வியர்வையும் அடங்கிய பிறகு, 1 முதல் 4 நாட்களுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத பலவீனம் வரலாம், மூச்சும் நிற்கலாம். இதை 1987இல் உலகத்துக்குச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்களான நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும்தான். அங்கே கழுத்துத் தசை பலவீனமாகிறது, முண்ணாணுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்தாரா, மருந்தடித்தாரா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி தெளிந்துவிடும்.

குடித்தவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பள நாள் இரவு, வழியில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். பக்கத்தில் போனால் சாராய வாடை. நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் போடுகிறார்கள். காலையில் போதை தெளிகிறது, கை கால் தெளியவில்லை. விழுந்ததிலேயே முண்ணாண் போய்விட்டதா, தூக்கியதில் போனதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. குடித்தவருக்குக் கழுத்து வலி தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது. எனவே அவர் 'வலி இல்லை' என்று சொன்னாலும் கணக்கில் எடுக்காதீர்கள். எழுப்பி, இரண்டு கை விரலையும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள், பாதத்தை ஆட்டச் சொல்லுங்கள். மயங்கிக் கிடப்பவருக்கும் தலையில் பலமாக அடிபட்டவருக்கும் கழுத்திலும் அடி இருப்பதாக வைத்துக்கொண்டே நடப்பதுதான் பாதுகாப்பு.

மூச்சைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். நெஞ்சு விரியாமல் வயிறு மட்டும் மேலும் கீழும் அசைந்தால் நெஞ்சுத் தசைகள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியாதவர் எந்த நேரமும் மோசமாகலாம். இன்னொன்று, இரத்தம் போய்ப் பிரஷர் இறங்கியவருக்கு நாடி வேகமாக அடிக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும். முண்ணாண் அடிபட்டுப் பிரஷர் இறங்கியவருக்கு நாடி மெதுவாகவும் தோல் வெதுவெதுப்பாகவும் இருக்கும். முதல் நாட்களில் கை கால் துவண்டு தொங்கும். விறைப்பு பல நாள் கழித்துத்தான் வரும். துவண்டிருப்பதால் முண்ணாண் இல்லை என்று நினைக்கக் கூடாது.

விழுந்த இடத்தில்

தூக்காதீர்கள். சம்பந்தப்பட்டவர் நினைவோடு இருந்தால் 'அசையாம இருங்கண்ணே' என்று சொல்லி, ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தலையின் இரு பக்கத்தையும் இருக்கிற நிலையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கோணியிருக்கும் கழுத்தை நேராக்கப் போராட வேண்டாம். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், வண்டி எதுவரை வரும் என்பதைத் தெளிவாகச் சொன்னால் தேடி அலையும் நேரம் மிச்சம்.

வாந்தி வந்தால் மட்டும் திருப்பத்தான் வேண்டும். அப்போது தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் உருட்ட வேண்டும். குளவி, மண்சரிவு, நெருப்பு என்று அங்கேயே ஆபத்து இருந்தால் உடம்பின் நீளவாக்கில் இழுத்து அப்பால் கொண்டுபோகலாம். மூச்சு நின்றுவிட்டால் கழுத்தைப் பற்றிய பயம் இரண்டாம் பட்சம். மற்றபடி தேத்தண்ணி, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். கம்பளியால் மூடுங்கள், முண்ணாண் அடிபட்டவரின் உடம்பு சூட்டைக் காத்துக்கொள்ளாது, நுவரெலியாக் குளிரில் சீக்கிரம் விறைத்துவிடும். கம்பளி மூட மட்டும்தான். அதில் போட்டு நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினால் நடுவில் உடம்பு மடியும், கழுத்தும் மடியும். அம்புலன்ஸ் வரவே வழியில்லாத மலையென்றால் கதவுப் பலகை, அகலமான மரப்பலகை போன்ற வளையாத ஒன்று வேண்டும்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் கொண்டுபோவதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். விழுந்த பிறகு கையில் எரிச்சலோ மரப்போ பலவீனமோ இருக்கும் ஒருவரின் கழுத்தை யாரும் திருப்பக் கூடாது, சொடுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு இழுக்கவும் கூடாது. அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

கழுத்துப் பட்டி போட்டு, கை கால் பலத்தையும் தொடு உணர்ச்சியையும் இடம் இடமாகச் சோதிப்பார்கள். மலவாசல் பகுதியில் உணர்ச்சி இருக்கிறதா, இறுக்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். பலர் இதற்குக் கூச்சப்பட்டு மறுத்துவிடுகிறார்கள், அம்மாமார் குறிப்பாக. முண்ணாணின் கடைசி நார்கள் போய்ச் சேரும் இடம் அது. அங்கே கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருந்தால் முண்ணாண் முழுவதும் போகவில்லை, தேறும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். வேண்டுமானால் பெண் மருத்துவரையோ தாதியையோ கூட இருக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு உடைவு மட்டுமே தெரியும், அதுவும் எப்போதுமல்ல. எலும்புக்கு சீ.டி. ஸ்கேன் நல்லது; முண்ணாணைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். சிறுபிள்ளைகளின் எலும்பும் தசைநாரும் வளையக்கூடியவை என்பதால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் முண்ணாண் அடிபட்டிருக்கலாம். யாருக்குப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு 2001இல் கனடாவில் வெளியான ஒரு விதி உலகெங்கும் பயன்படுகிறது. விழுந்தவருக்கு வயது 65 அல்லது அதற்கு மேல், விழுந்த உயரம் 3 அடி அல்லது 5 படி, கை காலில் மரப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். நம் லயத்துப் படிகளை நினைத்துப் பாருங்கள், எத்தனை விழுகை இதற்குள் வரும் என்று.

முண்ணாண் நசுங்கியிருப்பது உறுதியானால் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். சத்திரசிகிச்சை தேவைப்படுபவருக்கு முடிந்தவரை 24 மணித்தியாலத்துக்குள் செய்வது நல்லது என்பதால்தான் விழுந்த நேரத்தைக் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை மணிக்குக் கை பலவீனமானது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொழி தெரியாத இடத்தில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

விழாமலேயே வருவதும் உண்டு

அதே வயதான கழுத்து, விழுகை எதுவும் இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல முண்ணாணை நெருக்கலாம். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து மாறும், ஊசியில் நூல் கோர்க்க வராது. கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இது கிலோவில் தெரியும். விரல் சொன்னபடி கேட்காது, இரண்டிலையும் மொட்டும் பார்த்து ஒடிக்கும் வேகம் போய்விடும், ஒரு காலத்தில் முன்னால் நின்றவர் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு திரும்புவார். 'வயசாச்சு, கை ஓடல' என்று அவரே சொல்லிக்கொள்வார். கங்காணியும் அதையே சொல்வார். அதோடு நடையில் ஒரு விறைப்பும், இருட்டில் தடுமாற்றமும், தலையைக் குனியும்போது முதுகில் மின்சாரம் ஓடுவதுபோன்ற உணர்வும் சேர்ந்தால் அது வயசு இல்லை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கையை இறுக்கி மூடி, முழுவதும் விரித்து, திரும்ப மூட வேண்டும். சாதாரணமாக 10 விநாடியில் 20 தடவை செய்துவிடலாம். அதற்கு மிகவும் குறைந்தால், அல்லது சுண்டுவிரல் விரியாமல் ஒதுங்கி நின்றால், ஓபிடிக்குப் போய் இதையே சொல்லிக் காட்டுங்கள். கையில் வலி இல்லை என்பதால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், இந்த நோயில் பலருக்கு வலி இருப்பதில்லை.

விழுந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் மறுநாள் காலை இரண்டு கையையும் ஒரு தடவை பாருங்கள். சட்டைப் பொத்தானை அவரையே போடச் சொல்லுங்கள், கோப்பையைப் பிடிக்கச் சொல்லுங்கள், இரவு மூத்திரம் போனாரா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் கழுத்தை அசைக்காமல் படுக்கவைத்து 1990ஐ அழையுங்கள். எக்ஸ்ரே படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, 'எலும்பு உடையலதான் டாக்டர், ஆனா கை வேலை செய்யல' என்று சொல்லுங்கள்.